துப்பாக்கியும் கிருமியும்: கூலிமில் போட்ட ஒரு கணக்கு

2000 நவம்பர் 4ஆம் தேதி, கெடாவின் கூலிம் வட்டாரத்து லூனாஸ் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் டாக்டர் ஜோ பெர்னாண்டஸ் புக்கிட் மெர்தாஜாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலிம் பக்கம் அந்த வருடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அடுத்து வந்த இடைத்தேர்தலைத்தான் சொல்வார்கள். ம.இ.கா. தொகுதியைப் பறிகொடுத்ததும், கெடா சட்டமன்றத்தில் தேசிய முன்னணிக்கு மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை போனதும் பெரிய கதையாகிவிட்டன. கொலை பின்னுக்குப் போய்விட்டது. கும்புலான் மிலிடான் மலேசியா என்ற தீவிரவாதக் குழுவின் வேலை அது என்று போலீஸ் பிறகு சொன்னது.

அதே காலத்தில் இன்னொரு மலேசியர் வேறு வகை ஆயுதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். யசிட் சுஃபாட், முன்னாள் இராணுவ கேப்டன். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாக்ரமெண்டோ வளாகத்தில் உயிரியல் படித்தவர். ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாத இயக்கத்தின் ஆள். 2000 ஜனவரியில் அல்-காய்தாவினர் கோலாலம்பூரில் கூடியது இவருடைய வீட்டில்தான். ஆப்கானிஸ்தானில் கந்தஹார் விமான நிலையத்துக்கு அருகில் ஓர் ஆய்வுக்கூடம் அமைக்க உதவி, அங்கே சில மாதங்கள் ஆந்திராக்ஸ் கிருமியை வளர்க்க முயன்றார் என்று செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது. 2001 டிசம்பரில் நாடு திரும்பியபோது பிடிபட்டு, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவின் கீழ் 2008 வரை உள்ளே இருந்தார்.

யசிட் தேடிய ஆந்திராக்ஸ் யாரையும் கொல்லவில்லை. துப்பாக்கி ஒரு சட்டமன்ற உறுப்பினரைக் கொன்றது. இதோடு மூன்றாவதாக ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அசாஹாரி ஹுசின், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். வெடிகுண்டு வழியில் போன இவர், 2002 அக்டோபரில் 202 பேரைப் பலிவாங்கிய பாலி தாக்குதலின் மூளைகளில் ஒருவராகக் கருதப்பட்டார். 2005 நவம்பரில் கிழக்கு ஜாவாவில் இந்தோனேசியப் போலீஸோடு நடந்த மோதலில் இறந்தார். இரண்டு மலேசியர்கள், இருவரும் வெளிநாட்டில் படித்தவர்கள், ஒரே இயக்கம், ஏறக்குறைய ஒரே காலம். பழைய ஆயுதத்தை எடுத்தவர் இருநூறு பேரைச் சாகடித்தார். புதியதை எடுத்தவருக்குக் கடைசிவரை ஆயுதம் என்று ஒன்று கைக்கு வரவேயில்லை.

கிருமி, நச்சு வாயு, கதிரியக்கம் மூன்றையும் மரபுசாரா ஆயுதங்கள் என்பார்கள். அவற்றைப் பற்றிய பேச்சு எப்போதும் 'எவ்வளவு பேர் சாகலாம்' என்பதில்தான் தொடங்குகிறது. அச்சுறுத்தலை எடைபோடுபவர்கள் நான்கு கேள்வி கேட்பார்கள். செய்ய விரும்புகிறவர் இருக்கிறாரா? அவருக்கு முடியுமா? நாம் எவ்வளவு பாதுகாப்பில்லாமல் இருக்கிறோம்? நடந்துவிட்டால் விளைவு என்ன? இந்த நான்கும் கூட்டல் கணக்கில் வருபவை அல்ல, பெருக்கலில் வருபவை. ஒன்று பூஜ்யத்தை நெருங்கினால் மற்ற மூன்றும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சிறுத்துவிடும். நாளிதழ்த் தலைப்புகள் நான்காவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. யசிட் விஷயத்தில் விடையைத் தீர்மானித்தது இரண்டாவது கேள்வி.

அந்த இரண்டாவது கேள்வி எவ்வளவு கடினமானது என்பதற்கு ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ அமைப்பைவிடத் தெளிவான சான்று கிடையாது. அவர்களிடம் பணம் கொட்டிக் கிடந்தது, பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் இருந்தார்கள், சொந்தக் கட்டடங்கள் இருந்தன, பல ஆண்டுகள் யாரும் தொந்தரவு செய்யவுமில்லை. கிருமி வழியில் அவர்கள் எடுத்த முயற்சி ஒன்றுகூடப் பலிக்கவில்லை. 1993இல் தோக்கியோவின் கமெய்தோ பகுதியில் ஆந்திராக்ஸ் என்று நம்பி அவர்கள் பரப்பியது, கால்நடைத் தடுப்பூசிக்குப் பயன்படும் பலவீனமான வகை என்று பின்னாளில் தெரிந்தது. அக்கம்பக்கத்தார் துர்நாற்றம் என்று புகார் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கடைசியில் சாரின் என்ற நரம்பு நஞ்சுக்குப் போனார்கள். 1995 மார்ச் 20இல் தோக்கியோ சுரங்க ரயிலில் பதின்மூன்று பேரளவில் இறந்தார்கள். ஒவ்வொரு மரணமும் கொடுமைதான். ஆனாலும் அந்த நேரத்து நெரிசலில் அங்கே இருந்த கூட்டத்தையும், அந்த அமைப்பு கொட்டிய பணத்தையும் வைத்துப் பார்த்தால், அவர்கள் கண்ட கனவில் ஒரு துளிதான் நடந்தது.

2001இல் அமெரிக்காவில் தபாலில் போன ஆந்திராக்ஸ் ஐந்து பேரைக் கொன்றது, 17 பேரை நோயில் தள்ளியது. அந்தக் கிருமி வகை இராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்றும், அனுப்பியவர் அங்கேயே வேலை பார்த்த விஞ்ஞானி என்றும் எஃப்.பி.ஐ. முடிவு கட்டியது. அறிவியல் சான்று மட்டும் அதை ஐயமில்லாமல் நிறுவப் போதாது என்று தேசிய ஆய்வுக் குழு 2011இல் சொன்னது வேறு கதை. குகையில் உட்கார்ந்து தாடியை நீவுகிறவரைக் காட்டிலும், அடையாள அட்டையோடு காலையில் வேலைக்குப் போகிறவர் இந்தக் கணக்கில் கூடுதல் மதிப்பெண் வாங்குவார் என்பது மட்டும் அதில் நிற்கிறது.

இப்போது நம் நாட்டுக்கே வருவோம். 2017 பிப்ரவரி 13 காலை, கேஎல்ஐஏ-2 புறப்பாட்டுக் கூடத்தில், மக்காவ் போக வந்திருந்த வடகொரியத் தலைவரின் அண்ணன் கிம் ஜோங் நாமின் முகத்தில் இரண்டு பெண்கள் ஏதோ ஒரு திரவத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். விமான நிலையக் கிளினிக் வரை அவரே நடந்துபோனார். மருத்துவமனை போகும் வழியில் இறந்தார். திரவம் விஎக்ஸ் என்ற நரம்பு நஞ்சு என்று 24ஆம் தேதி தேசிய போலீஸ் படைத் தலைவர் காலிட் அபு பாக்கார் அறிவித்தார். கண்டுபிடித்தது மலேசிய இரசாயன இலாகா. அதன் இரசாயன ஆயுதப் பகுப்பாய்வு மையத்தின் தலைவர் டாக்டர் ராஜா சுப்பிரமணியம்தான் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம். உலகமே உற்றுப் பார்த்த ஒரு நரம்பு நஞ்சு வழக்கில், விளக்கம் சொன்னவர்கள் இரண்டு சுப்பிரமணியம்கள் என்பதை நம் நாளிதழ்கள் இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்கலாம்.

விஎக்ஸ் உடம்பில் செய்வதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்தில் மருந்தடித்தவர்களைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். நரம்பு தசைக்கு உத்தரவு கொடுக்க அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. உத்தரவு போய்ச் சேர்ந்ததும், கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடனே சிதைத்துவிட வேண்டும். குழாயைத் திறந்தால் மூடவும் ஒரு கை வேண்டுமல்லவா, அந்தக் கை இந்த நொதி. மலாத்தியான், குளோர்பைரிஃபோஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் அந்தக் கையைக் கட்டிப்போடுகின்றன. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் கொட்டும், தசை துடிக்கும், முற்றினால் மூச்சுத் தசை ஓய்ந்துபோகும். விஎக்ஸ் செய்வதும் இதையேதான், பயங்கரமான வேகத்திலும் மிகச் சிறிய அளவிலும். கிம்மின் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் லிட்டருக்கு 344 அலகுதான் இருந்தது என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். இருக்கவேண்டியது 5,300இலிருந்து 12,900 வரை.

இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததில்லை. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் ரணஜித் கோஷ் என்ற வேதியியலாளர் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்த குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இது. அதே குடும்பத்து அமிட்டான் 1954இல் பூச்சிமருந்தாகவே கடைக்கு வந்து, மனிதருக்கு அளவுமீறிய நஞ்சு என்று திரும்பப் பெறப்பட்டது. பிரிட்டிஷ் இராணுவம் அந்தக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டது. அதே ஐசிஐ 1962இல் விற்பனைக்கு விட்ட களைக்கொல்லி மருந்தின் பெயர் கிராமோக்சோன். உள்ளே இருப்பது பாராகுவாட். பாடாங் செராய் விக்டோரியா, ஹென்றியட்டா தோட்டங்களில் வெளிக்காட்டு வேலை செய்த குடும்பங்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

கேஎல்ஐஏ-2 கொலையை மலேசியாவில் நடந்த இரசாயனப் பயங்கரவாதம் என்று பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. விஎக்ஸ் எண்ணெய்போலக் கனமான திரவம், எளிதில் ஆவியாகாது. அதனால்தான் பரபரப்பான கூடத்தில் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரி 26இல் தீயணைப்பு மீட்புப் படையினர் பாதுகாப்பு உடையில் நிலையத்தைச் சோதித்தபோதும் ஆபத்தான எச்சம் எதுவும் அகப்படவில்லை. ஒரு மனிதரைக் குறிவைத்து, இரசாயன ஆயுதக் கிடங்கு வைத்திருக்கும் ஓர் அரசு செய்த கொலை என்றுதான் அமெரிக்கா 2018இல் வடகொரியாவைக் குற்றஞ்சாட்டியது. முடியுமா என்ற கேள்விக்கு அங்கே ஓர் அரசாங்கமே விடையாக நின்றது. ஒரு சிறு குழுவால் அதைத் திரும்பச் செய்ய முடியும் என்பதற்கு அந்த வழக்கில் ஒரு சான்றும் இல்லை. இறந்தவரின் பையில் அட்ரோபின் இருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. நரம்பு நஞ்சுக்கு முறிவாகக் கொடுக்கப்படும் மருந்து அது. பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களுக்கும் மருத்துவமனையில் ஏற்றுவது அதைத்தான்.

சிறு குழுக்கள் என்ன செய்யும் என்று பார்க்க விரும்பும் தமிழருக்கு வேறோர் இடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசச் சங்கடப்படுகிறோம் என்பதும் உண்மை. 1990 ஜூனில் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரான் இராணுவ முகாமை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டபோது, பக்கத்துக் காகித ஆலையிலிருந்து எடுத்துவந்த குளோரினைக் காற்றில் திறந்துவிட்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட படைவீரர்கள் பாதிக்கப்பட்டார்கள். கிளர்ச்சி இயக்கம் ஒன்று நச்சு வாயுவைப் போரில் பயன்படுத்திய முதல் நிகழ்வுகளில் ஒன்றாக ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். அவர்கள் வாயு ஆயுதத்தைத் தேடி அலையவில்லை. வழக்கமான ஆயுதம் குறைவாக இருந்தது, ஆலை அருகில் இருந்தது. காற்று திசைமாறி அவர்கள் பக்கமே வாயு வந்தது. போர் அதன்பிறகு 19 ஆண்டுகள் நீடித்தது. அதற்குள் கடற்படையும் விமானங்களும்கூட அவர்களிடம் வந்துவிட்டன, குளோரின் பக்கம் மட்டும் திரும்பவில்லை. வெளிநாட்டிலும் உள்ளூரிலும் ஆதரவு கெட்டுவிடும் என்ற கணக்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதைவிட நல்ல ஆயுதம் கையில் வந்துவிட்டது என்பதும் காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், மனம் இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கான விடை காலத்துக்குக் காலம் மாறும் என்பதை கிரான் காட்டுகிறது.

கூலிம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? 1996இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பார்க்கில் இன்று சில்லு, சூரியத் தகடு, மின்னணுப் பாகங்கள் செய்யும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. சில்லுத் தொழிலில் ஆர்சின், பாஸ்பின் போன்ற கொடிய வாயுக்கள் புழங்கும் என்று கேள்விப்பட்டதும் பலர் கலங்குகிறார்கள். அந்த ஆலைகளில் வாயு கசிந்தால் மில்லியனில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே உணர்கருவி அலறும், வால்வு தானாக மூடும். கோடிக்கணக்கான ரிங்கிட் இயந்திரத்தைக் காக்கவேண்டிய முதலாளிக்கு வேறு வழி கிடையாது. என் அச்சம் அங்கே இல்லை.

ஹைடெக் பார்க்கை இந்தக் கதையோடு இணைக்கும் நூல் வேறு. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பிபிசி சைனா என்ற கப்பல் மறிக்கப்பட்டது. உள்ளே யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிக்கான பாகங்கள். செய்தது ஷா ஆலத்தில் ஒரு துல்லியப் பொறியியல் பட்டறை. பாகிஸ்தானின் அப்துல் காதிர் கானுடைய வலைப்பின்னலுக்காக ஆர்டர் கொடுத்து வாங்கியவர் இலங்கையைச் சேர்ந்த வணிகர் பி.எஸ்.ஏ. தாஹிர். எதற்கான பாகம் என்று தெரியாது என்றது நிறுவனம். லேத்தில் நின்றவருக்கு அது அலுமினியக் குழாய்தான். அந்த அவமானத்துக்குப் பிறகு சில ஆண்டுகளில் 2010ஆம் ஆண்டு வியூகப் பொருள் வணிகச் சட்டம் வந்தது. கூலிமில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் சலித்துக்கொண்டே நிரப்பும் பாரங்கள் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். பயங்கரவாதியின் 'முடியுமா' என்ற கேள்வியை இன்னும் கடினமாக்குபவை துப்பாக்கி ஏந்திய காவலரைவிட அந்தப் பாரங்கள்தான் என்று நினைக்கிறேன்.

கதிரியக்கம் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலத்துக்குப் போன பிக்கப் வண்டியில் இருந்த 23 கிலோ எடையுள்ள ஒரு கருவி காணாமல் போனது. குழாய்களின் வெல்டிங்கைப் படமெடுத்துப் பார்க்கும் கருவி, உள்ளே இரிடியம்-192. கதிரியக்கப் பொருளைச் சிதறடிக்கும் அழுக்குக் குண்டு செய்ய யாராவது எடுத்திருப்பார்களோ என்று பேச்சு எழுந்தது. இரிடியம்-192இன் அரைவாழ்வு 74 நாள். அதாவது 74 நாளுக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகும். ஓர் ஆண்டு போனால் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் மிச்சம். பதுக்கிவைத்துத் திட்டம் போடுகிறவருக்கு அது மோசமான சரக்கு. உண்மையான ஆபத்து, இரும்பு விலைக்குப் போகும் என்று யாராவது அதை உடைத்துத் திறப்பது. பிரேசிலின் கொயானியாவில் 1987இல் நடந்தது அதுதான். கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியை உடைத்தார்கள், சீசியம் வெளியே வந்தது, நான்கு பேர் இறந்தார்கள். 2010இல் டில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் டில்லி பல்கலைக்கழகம் ஏலம் விட்ட கருவியின் கோபால்ட் ஒருவரைக் கொன்றது. இரண்டிலும் பயங்கரவாதி கிடையாது.

கொயானியாவில் இன்னோர் எண்ணும் உண்டு. உடம்பில் கதிரியக்கப் பொருள் ஒட்டியிருந்தவர்கள் 249 பேர். பயந்து வரிசையில் நின்று சோதிக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். தோக்கியோவிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்படவில்லை. விளைவைக் கணக்கிடும்போது இறப்பை மட்டும் எண்ணுகிறவர்கள் இந்த வரிசையை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கஷ்டப்படுகிற பத்துப் பேரை அந்தக் கூட்டத்துக்குள் கண்டுபிடிப்பதுதான் மருத்துவர்களுக்குப் பெரிய பாடு.

நாமும் அதை ஒருமுறை பார்த்தோம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ லோரியில் கொண்டுவந்து இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிப்பிள்ளைகள் வாந்தியும் மூச்சுத்திணறலுமாக விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு வந்தார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. கொள்கையோ கோபமோ கிடையாது, கழிவை முறையாக அழிக்கும் செலவை மிச்சம்பிடிக்கும் ஆசை மட்டுமே. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மலேசியாவில் இதுவரை எந்தத் தீவிரவாதியும் இரசாயனத்தால் இவ்வளவு பேரைத் தொட்டதில்லை. தீவிரவாதிகள் இங்கே எடுத்தது 2016இல் பூச்சோங் மொவிடா கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு, 2024 மே மாதம் உலு திராம் காவல் நிலையத்தில் பாராங்கு.

குற்றவாளிகளின் கணக்கு இதிலிருந்து வேறுபடும். பயங்கரவாதிக்குக் கூட்டம் பார்க்க வேண்டும், குற்றவாளிக்குப் பெரும்பாலும் யாரும் பார்க்கக்கூடாது. அவர்கள் ஆய்வுக்கூடம் தேடுவதில்லை. 2024 மே மாதம் சிலாங்கூர் கால்பந்து வீரர் பைசால் ஹாலிம் மீது வீசப்பட்டது ஆசிட். கூலிம் வட்டாரத்திலேயே, 2024 ஜூலையில், எலிமருந்து கலந்த குரோப்போக்கைத் தின்ற இரண்டு சிறு பிள்ளைகள் இறந்தார்கள். குரங்குக்கு வைத்தது என்று சொல்லப்பட்டது. ரப்பர் பால் உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும் எலிமருந்தும் களைக்கொல்லியும் தோட்டப்புறத்தில் சோற்றுப்பானைக்கு எட்டும் தூரத்தில் இருந்தே பழகிவிட்டன. பாராகுவாட்டைத் தடைசெய்வதாக 2002இல் அறிவித்தார்கள், 2006இல் பின்வாங்கினார்கள். தெனாகனித்தா போன்ற அமைப்புகள் மருந்தடிக்கும் பெண்களின் நகத்தையும் மூக்கையும் காட்டி ஆண்டுக்கணக்கில் கத்திய பிறகு, முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. தற்கொலையாகவும் வேலைநோயாகவும் இந்த நாட்டில் பாராகுவாட் கொன்றவர்களுக்காக யாரும் அவசரநிலைக் கூட்டம் போட்டதில்லை.

ஆகவே கணக்கை என் பக்கத்திலிருந்து இப்படி முடிக்கிறேன். கூலிமில் ஒரு தீவிரவாதக் குழு கிருமியாலோ நரம்பு நஞ்சாலோ பெருந்தாக்குதல் நடத்தும் வாய்ப்பு மிகச் சிறியது. அதற்கும் முன்னேற்பாடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் அந்த முன்னேற்பாடும் அன்றாட நஞ்சுக்கான முன்னேற்பாடும் ஒன்றுதான். கூலிம் மருத்துவமனை அவசரப் பிரிவில் சுருங்கிய கண்மணியைப் பார்த்தவுடன் அட்ரோபினுக்குக் கை நீட்டும் மருத்துவர், அந்தப் பழக்கத்தைத் தோட்டத்து நோயாளியிடம்தான் கற்றிருப்பார். இரசாயன இலாகாவின் பகுப்பாய்வு மையத்துக்கு அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். தேசிய நச்சு மையம் இருப்பது பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில்; கூலிமிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். பிள்ளை எதையோ குடித்துவிட்டது என்று தெரிந்த நிமிடத்தில், போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மையத்தை அழைக்கலாம் என்பது எத்தனை வீட்டுக்குத் தெரியும் என்று தோட்டப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் கேட்டுப்பார்க்க வேண்டும்.